வாழும்போது வசவு, அப்புறம் சிலை: பரேல் பக்கம் நடக்கும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் சயான் கோலிவாடா, தாராவி பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். சில வாரம் பரேல், பைகுல்லா என்று நடத்திக் கூட்டிப்போவதும் உண்டு. பிள்ளைகள் கேட்பதைவிட, கூட வரும் அப்பா அம்மாக்கள் கேட்பதுதான் அதிகம். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வி இருக்கிறது.

வாழும்போது மதிக்காம, செத்த பிறகு கொண்டாடினாங்கன்னு சொல்றீங்களே, யாரு சார் அப்படி? ஒரு ஆளைச் சொல்லுங்க.

இக்னாஸ் செம்மல்வைஸ். ஹங்கேரிக்காரர், வியன்னா பொது மருத்துவமனையில் பிரசவ டாக்டர். அங்கே இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பார்ப்பார்கள், மற்றதில் மருத்துவச்சிகள். டாக்டர்கள் பார்த்த வார்டில்தான் தாய்மார்கள் காய்ச்சல் கண்டு அதிகம் செத்தார்கள். அந்த வார்டுக்கு அனுப்பாதீர்கள் என்று பெண்கள் காலில் விழுந்து கெஞ்சினார்களாம். 1847-இல் செம்மல்வைஸின் நண்பரான ஒரு டாக்டர், பிணப் பரிசோதனையின்போது கத்தி கீறி, அதே மாதிரி காய்ச்சலில் இறந்தார். அப்போதுதான் இவருக்குப் பொறி தட்டியது. மாணவர்கள் பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வருகிறார்கள்.

குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் யாரும் வார்டுக்குள் வரக்கூடாது என்றார். அந்த ஆண்டு ஏப்ரலில் 100 தாய்மார்களுக்கு 18 பேர் என்றிருந்த சாவு, ஜூனில் 2 பேர் அளவுக்கு இறங்கியது. ஆனாலும் பெரிய டாக்டர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வேலை நீட்டிக்கப்படவில்லை, ஊர் திரும்பினார். 1865-இல் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டு, இரண்டு வாரத்தில் 47 வயதில் இறந்தார். கிருமி என்ற ஒன்று உண்டு என்பதை உலகம் ஏற்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

எல்லாம் வெளிநாட்டு ஆளாவே இருக்கே. நம்ம மும்பையில யாரும் இல்லையா?

இவரும் வெளிநாட்டில் பிறந்தவர்தான், ஆனால் வேலை செய்தது நம் ஊரில். வால்டெமர் ஹாஃப்கின், 1860-இல் ஒடெஸாவில் பிறந்த யூதர். 1893-இல் காலரா தடுப்பூசியோடு இந்தியாவுக்கு வந்தார். 1896-இல் பம்பாயில் பிளேக் வெடித்ததும் அரசாங்கம் இவரை இங்கே கூப்பிட்டது. பைகுல்லாவில் இருக்கும் கிராண்ட் மெடிக்கல் காலேஜில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும்தான் கொடுத்தார்கள். ஒரு குமாஸ்தா, மூன்று பியூன். அந்த வசதியில் மூன்று மாதத்தில் தடுப்பூசி தயார் செய்து, 1897 ஜனவரி 10-ஆம் தேதி முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார்.

அதே மாதம் பைகுல்லா ஜெயிலில் பிளேக் நுழைந்தது. முன்வந்த கைதிகளுக்கு ஊசி போட்டார், மற்றவர்களுக்குப் போடவில்லை. போடாதவர்களில் 12 பேருக்கு நோய் வந்து 6 பேர் இறந்தார்கள். போட்டவர்களில் 2 பேருக்கு மட்டும் நோய் வந்தது, யாரும் சாகவில்லை. அந்த ஜெயில் இப்போதும் அதே பைகுல்லாவில்தான் இருக்கிறது. வெளிச்சுவரைத் தாண்டி நடக்கும்போது பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

1899-இல் அவருடைய ஆய்வுக்கூடம் பரேலில் கவர்னர் குடியிருந்த பழைய மாளிகைக்கு மாறியது. கே.இ.எம். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆச்சார்யா தோந்தே மார்க்கில் ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட் என்று போர்டு பார்த்திருப்பீர்கள். அதேதான்.

ஆனா அவர் ஊசியால ஜனங்க செத்தது உண்மைதானே? பழி சொன்னது எப்படித் தப்பாகும்?

நியாயமான கேள்வி. 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அதில் 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். 19 பேருக்கும் ஒரே புட்டியிலிருந்து மருந்து போயிருந்தது. பரேலில் ஊசி மருந்து செய்யும் முறையை ஹாஃப்கின் கொஞ்சம் முன்பு மாற்றியிருந்தார். கார்பாலிக் அமிலத்தை விட்டுவிட்டு, சூடாக்கிக் கிருமி நீக்கும் வழிக்குப் போயிருந்தார். விசாரித்த கமிஷன் அதைப் பிடித்துக்கொண்டது. புட்டி பரேலிலேயே கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

மறுபக்கச் சாட்சியங்களைப் பாருங்கள். அந்தப் புட்டியைத் திறந்தபோது ஓர் உதவியாளர் இடுக்கியைத் தரையில் போட்டுவிட்டு, சரியாகச் சுத்தம் செய்யாமல் அதையே எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார். டெட்டனஸ் கிருமி மண்ணில் இருப்பது. புட்டிக்குள் பல நாள் வளர்ந்திருந்தால் திறந்தவுடன் நாற்றம் அடித்திருக்கும், ஆனால் திறந்த அதிகாரி எந்த நாற்றமும் இல்லை என்றே சொல்லியிருந்தார். இதெல்லாம் அப்போதே காகிதத்தில் இருந்தது. மலேரியா கொசு ஆராய்ச்சிக்கு நோபல் வாங்கிய ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் 1907-இல் லண்டன் டைம்ஸில் கடிதம் எழுதிச் சண்டை போட்ட பிறகுதான் பழி நீங்கியது. ஐந்து வருஷம் போய்விட்டது. இந்தியாவுக்குத் திரும்பி வந்தார், ஆனால் கல்கத்தாவுக்கு. பரேல் ஆய்வுக்கூடம் அவர் கைக்குத் திரும்பவில்லை. 1925-இல் அந்தக் கூடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1930 வரை உயிரோடு இருந்ததால் அதையாவது அவர் கேள்விப்பட முடிந்தது.

மாட்டுங்காவே பிளேக்காலதான் வந்துச்சுன்னு போன வாரம் சொன்னீங்களாமே? என் பொண்ணு வந்து சொன்னா.

கிட்டத்தட்ட அப்படித்தான். பிளேக் முதலில் வெடித்தது மாண்ட்வி பக்கத்து நெரிசலில். 1896 செப்டம்பரில் அது பிளேக்தான் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அகாசியோ வியேகாஸ் என்ற கோவாக்கார டாக்டர். நெரிசலை உடைத்து, காற்றோட்டமான குடியிருப்புகளை வடக்கே உருவாக்க வேண்டும் என்று 1898-இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்தார்கள். தாதர், மாட்டுங்கா, சயான் மனைகள் அந்தத் திட்டத்தில் வந்தவை. மாட்டுங்காவில் ரோடு நேராக, இரண்டு பக்கமும் மரத்தோடு இருப்பது அந்தக் கணக்கில்தான். நம் ஆட்கள் வந்து மெஸ் போட்டதும் பூக்கடை வைத்ததும் அப்புறம்.

சாவித்ரிபாய் புலே மேல சாணி அடிச்சாங்கன்னு பாடத்துல வருது. பாவம், அந்தக் கால ஜனங்களுக்குப் புரியலை, அவ்வளவுதானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். 1848-இல் புனேயில் பிடே வாடாவில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தபோது அவருக்கு 17 வயது. பள்ளிக்கு நடந்து போகும்போது சேறும் சாணியும் எறிவார்கள் என்று மாற்றுப் புடவை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டே போனார். எறிந்தவர்களுக்கு என்ன புரியவில்லை? பெண்ணும் தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளையும் எழுதப் படிக்கக் கற்றால் நாளைக்கு யார் சொல்லை யார் கேட்பார்கள் என்பது நன்றாகவே புரிந்திருந்தது. புரிந்ததால்தான் எறிந்தார்கள்.

'புரிந்துகொள்ளப்படாத மேதை' என்று எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் எதிர்த்தவர்கள் ரொம்பச் சுலபமாகத் தப்பித்துவிடுவார்கள். ஏதோ அறியாமை, கால நேரம் என்று போய்விடும். யாரைப் பற்றிப் படித்தாலும், ஒப்புக்கொண்டிருந்தால் எதிராளிக்கு என்ன நஷ்டம் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வியன்னா டாக்டர்கள் செம்மல்வைஸ் சொன்னதை ஒப்புக்கொண்டால், இத்தனை தாய்மார்களைக் கொன்றது தங்கள் கைதான் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சாவித்ரிபாய் 1897 மார்ச் 10 அன்று இறந்தார். பிளேக் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போய், அதே நோய் தொற்றி. ஹாஃப்கின் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

கார்வேன்னா விதவைக் கல்யாணம், பெண்கள் யுனிவர்சிட்டி, பாரத ரத்னா வாங்கினவர்தானே? அவரைக் கொண்டாடத்தானே செஞ்சாங்க?

அது அப்பா, தோண்டோ கேசவ் கார்வே. அவருக்கும் வசவு கிடைத்தது, ஆனால் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்ததால் மரியாதையையும் பார்த்துவிட்டுப் போனார். நான் சொல்வது மகன் ரகுநாத் கார்வே. கிர்காவ் சௌபாட்டிக்கு எதிரே இருக்கும் வில்சன் காலேஜில் கணக்கு வாத்தியார். 1921-இல் மும்பையில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை மையம் திறந்தார். கருத்தடை என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்லாத காலம். கல்லூரி நிர்வாகம் முகம் சுளித்தது. 1925-இல் வேலையை விட்டார்.

1927-இல் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்திப் பத்திரிகையைத் தொடங்கினார். கருத்தடை, பால்வினை நோய், தாம்பத்தியத்தில் பெண்ணின் விருப்பம் என்று யாரும் தொடாத விஷயங்களை எழுதினார். ஆபாசம் என்று திரும்பத் திரும்ப வழக்கு வந்தது. 1934-இல் அவருக்காக வாதாடியவர் டாக்டர் அம்பேத்கர். வழக்கு தோற்றது, அபராதம் கட்டினார், பத்திரிகையை நிறுத்தவில்லை. வீட்டுச் செலவைப் பெரும்பாலும் சுமந்தது மனைவி மாலதியின் சம்பளம். 1953-இல் இறக்கும்வரை பத்திரிகை வந்தது. அதற்கு முந்தைய வருஷம், 1952-இல், இந்திய அரசே குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக அறிவித்திருந்தது.

இப்போது அவரைப் புகழ்பவர்களும் அந்தப் பாதியைத்தான் புகழ்கிறார்கள். கடவுள் மறுப்பு பற்றியும் பெண்ணின் உடல் விருப்பம் பற்றியும் அவர் எழுதியதை எடுத்து மேடையில் படித்தால் இன்றைக்கும் கூட்டம் கலையும்.

ருக்மாபாய் கேஸுல திலகர் அந்தப் பொண்ணுக்கு எதிரா எழுதினாராமே? திலகரா சார்? நம்பவே முடியலை.

நம்பித்தான் ஆகவேண்டும். ருக்மாபாய்க்கு 11 வயதில் கல்யாணம் ஆகிவிட்டது. வளர்ந்த பிறகு, என் சம்மதம் இல்லாமல் நடந்த கல்யாணத்துக்காகப் போய் வாழமாட்டேன் என்றார். கணவர் தாதாஜி பிகாஜி பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். முதலில் தீர்ப்பு ருக்மாபாய்க்குச் சாதகம், மேல்முறையீட்டில் புரண்டது. 1887-இல், கணவரோடு போ, இல்லையென்றால் ஆறு மாதம் ஜெயில் என்று தீர்ப்பு. ஜெயிலுக்கே போகிறேன் என்றார் அந்தப் பெண். திலகரின் 'கேசரி' பத்திரிகை அவரைக் கடுமையாகத் தாக்கியது. இங்கிலீஷ் படிப்பு பெண்களைக் கெடுக்கிறது என்பது அவர்கள் வாதம். கடைசியில் 1888-இல் 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கணவர் விலகினார். ருக்மாபாய் லண்டன் போய் மருத்துவம் படித்து, 1894-இல் டாக்டராகத் திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல பத்தாண்டுகள் வேலை செய்தார். 1891-இல் வந்த சம்மத வயதுச் சட்டத்துக்குப் பின்னால் அவர் வழக்கு கிளப்பிய விவாதமும் உண்டு.

திலகர் பெரிய தலைவர், சந்தேகம் இல்லை. அடுத்த கேள்வியில் அவரே நல்ல வேஷத்தில் வருவார். ஒரு விஷயத்தில் காலத்தை முந்திப் போனவர் இன்னொன்றில் காலத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பார். பிள்ளைகளிடம் இதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை, அவர்கள் நம்மைவிட நன்றாகவே தாங்கிக்கொள்கிறார்கள்.

எங்க திருநெல்வேலிக்காரர் வ.உ.சி. இந்த லிஸ்டுல உண்டா?

தாராவியில் வகுப்பு எடுத்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. உண்டு, ஆனால் வேறு வரிசையில். வ.உ.சி.யை யாரும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. வெள்ளைக்காரனுக்கு அவர் ரொம்பத் தெளிவாகவே புரிந்தார். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றின் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனியின் மிரட்டலில் அது நின்றுபோனதும், பங்கு சேர்த்துச் சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய்க்கே கிளம்பி வந்தார். கப்பலோடு திரும்புவேன், இல்லையென்றால் கடலில் விழுவேன் என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொல்வார்கள். 1907-இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் தருகிறேன் என்றது. ஒருவனைப் பார்த்து இவ்வளவு பயப்பட வேண்டுமானால் அவனை நன்றாகப் புரிந்திருக்க வேண்டும்.

1908-இல் கைது, இரண்டு ஆயுள் தண்டனை, கோவைச் சிறையில் செக்கு. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, கப்பல் எதிராளிக்கே விற்கப்பட்டிருந்தது, வக்கீல் சன்னதும் போயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார், ஓடவில்லை. திலகர் சிறிது காலம் மாதாமாதம் பணம் அனுப்பினார். சன்னதைத் திரும்ப வாங்க உதவியவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி, அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். நம்மவர்கள் பெரும்பாலும் வேடிக்கைதான் பார்த்தார்கள். 1936-இல் தூத்துக்குடியில் இறந்தார். துறைமுகத்துக்கு அவர் பெயர் வந்தது 2011-இல்.

பாரதியார் யானை மிதிச்சுத்தானே செத்தார்? சாவுக்குக்கூட யாரும் வரலையாமே?

முதல் பாதி தவறு. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது 1921-இல்தான். ஆனால் அதிலிருந்து தேறி, சுதேசமித்திரன் வேலைக்குப் போனார். ஈரோட்டுக்குப் பக்கத்தில் கருங்கல்பாளையம் வாசகசாலையில் 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசிவிட்டும் வந்தார். இறந்தது செப்டம்பரில், வயிற்றுக் கடுப்பால். வயது 38.

இரண்டாம் பாதி சரி. இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை என்பார்கள். ஆனால் உயிரோடு இருந்தபோது யாரும் படிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 'இந்தியா' பத்திரிகைக்காக அரசாங்கம் துரத்தி, 1908 முதல் பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்தார். போலீஸ்காரர்கள் ஒரு வரி விடாமல் படித்தார்கள். 1928-இல் அவர் பாட்டுப் புத்தகங்களை அரசு பறிமுதல் செய்ய, சட்டசபையில் பெரிய சண்டை நடந்தது. 1949-இல் அதே சென்னை அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது.

ராமானுஜன், கலிலியோ எல்லாம் விட்டுட்டீங்களே?

வேண்டுமென்றேதான். ராமானுஜன் எஃப்.ஏ. என்ற கல்லூரிப் பரீட்சையில் தோற்றார், வறுமைப்பட்டார், 32 வயதில் போய்விட்டார், எல்லாம் உண்மை. ஆனால் 1918-இலேயே லண்டன் ராயல் சொசைட்டி அவரை ஃபெல்லோவாக எடுத்துக்கொண்டது. கலிலியோ 1633-இல் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டபோது ஐரோப்பா முழுக்கப் பெயர் தெரிந்த ஆள். கஷ்டப்பட்டவர் வேறு, மதிக்கப்படாதவர் வேறு.

வான்கோ வாழ்நாள்ல ஒரே ஒரு படம்தான் வித்தாராம். அப்புறம் எப்படி இவ்வளவு பேர் வந்துச்சு?

ஒன்று என்பது கொஞ்சம் கூட்டிக் குறைத்த கதை. 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' என்ற ஓவியம் 1890-இல் 400 பிராங்குக்கு விற்றது நன்றாகத் தெரிந்த விற்பனை. அதற்கு முன்பே அவர் சித்தப்பா ஒருவர் காசு கொடுத்துக் கோட்டோவியங்கள் வாங்கியிருக்கிறார்.

பேர் வந்தது ஒரு பெண்ணால். வான்கோ 1890 ஜூலையில் இறந்தார், அவரைத் தாங்கிய தம்பி தியோ ஆறு மாதத்தில் போய்விட்டார். தியோவின் மனைவி ஜோ கைக்குழந்தையோடு, யாரும் வாங்காத ஓவியங்களை வைத்துக்கொண்டு நின்றார். தூக்கிப் போடச் சொன்னவர்கள் உண்டு. அவர் கண்காட்சி வைத்தார், எந்தப் படத்தை யாருக்கு எப்போது விற்பது என்று பார்த்துப் பார்த்துச் செய்தார், 1914-இல் கடிதங்களைப் பதிப்பித்தார். காலம் பதில் சொல்லும் என்கிறோம். காலம் தானாக ஒன்றும் சொல்லாது, யாராவது ஒருவர் உட்கார்ந்து பெட்டியைத் திறக்க வேண்டும். பட்டாணிச் செடியில் பரம்பரை விதியைக் கண்டுபிடித்த மெண்டலின் கட்டுரை 1866-இல் அச்சானது. மூன்று தாவரவியலாளர்கள் தனித்தனியாக அதே முடிவுக்கு வந்து அதைத் தோண்டி எடுத்தது 1900-இல். மெண்டல் இறந்து 16 வருஷம் ஆகியிருந்தது.

இந்தியாவோட முதல் டெஸ்ட் டியூப் பேபி மும்பை கே.இ.எம்.லதானே பிறந்துச்சு? கல்கத்தான்னு ஏன் சொல்றீங்க?

1986 ஆகஸ்ட் 6, கே.இ.எம். ஆஸ்பத்திரி, குழந்தையின் பேர் ஹர்ஷா. பல வருஷம் பாடப் புத்தகத்தில் இருந்தது அதுதான். அதன் பின்னால் இருந்த விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமார், பரேலில் இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர். ஆனால் கல்கத்தாவில் 1978 அக்டோபர் 3 அன்றே டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் செய்த சோதனையில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து 70 நாள்தான் ஆகியிருந்தது. இவர் கருவை 53 நாள் உறைய வைத்துப் பிறகு கருப்பையில் வைத்ததாகச் சொன்னார். மற்ற நாடுகள் உறைந்த கருவில் வெற்றி பெற இன்னும் ஐந்தாறு வருஷம் ஆனது.

மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. அதில் இந்தத் துறை தெரிந்தவர்கள் இல்லை. பொய் என்று முடிவு செய்தார்கள். ஜப்பானில் போய்ப் பேச அனுமதி மறுத்தார்கள். 1981-இல் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றினார்கள். அந்த ஜூனில் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

இனிமேல்தான் விஷயம். 1997-இல் முகோபாத்யாயின் ஆய்வுக் குறிப்புகள் ஆனந்தகுமார் கைக்கு வந்தன. படித்துப் பார்த்தார். இவர் செய்தது உண்மை, முதல் ஆள் இவர்தான் என்று கட்டுரை எழுதினார். 'இந்தியாவில் முதல்' என்ற பட்டம் ஆனந்தகுமாருடையது. அதைக் கழற்றி, செத்துப்போன ஒருவருக்குத் தானே போட்டுவிட்டார். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கேட்க யாரும் இல்லை. மேலே, ஒப்புக்கொண்டால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கச் சொன்னேன் அல்லவா? நஷ்டத்தோடு ஒப்புக்கொண்டவருக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

1895-லேயே சௌபாட்டியில தல்பதே விமானம் விட்டாராமே? வெள்ளைக்காரன் மறைச்சுட்டான்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு.

அந்த ஃபார்வர்டு எனக்கும் வருகிறது, பெரும்பாலும் காலை வணக்கத்தோடு. சிவ்கர் பாபுஜி தல்பதே என்று ஒருவர் மும்பையில் வாழ்ந்தது உண்மை. பறக்கும் இயந்திரத்தில் ஆர்வம் இருந்ததும் உண்மை. ஆனால் சௌபாட்டியில் 1,500 அடி பறந்தது என்பதற்கு அந்தக் காலத்து நம்பகமான சாட்சியம் இல்லை. இதோடு சேர்த்துச் சொல்லப்படும் 'வைமானிக சாஸ்திரம்' நூலைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் விமானப் பொறியாளர்கள் 1974-இல் ஆராய்ந்தார்கள். நூல் 1904-க்கு முந்தியது அல்ல, அதில் உள்ள எந்த வடிவமும் பறக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

முகோபாத்யாய்க்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அங்கே பிறந்த குழந்தையும் நோட்டும் இருந்தன. இங்கே இருப்பது கதை.

எல்லாரும் எதிர்த்தவங்கதான் பின்னாடி ஜெயிச்சாங்கன்னா, இப்ப எல்லாரும் கிண்டல் பண்ற என் மாமாவோட மூலிகை மருந்தும் நாளைக்கு ஜெயிக்கலாம்ல?

ஜெயிக்கலாம். ஆனால் கிண்டல் செய்கிறார்கள் என்பது அதற்குச் சான்று ஆகாது. எதிர்க்கப்பட்டு, பிறகும் தவறு என்றே முடிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் பாடம் எழுதுவதில்லை என்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

மாமாவிடம் பைகுல்லா ஜெயில் கணக்கைச் சொல்லுங்கள். மருந்து கொடுத்தவர்கள் எத்தனை பேர், கொடுக்காதவர்கள் எத்தனை பேர், யாருக்கு என்ன ஆனது என்று எழுதி வைத்திருக்கிறாரா? ஹாஃப்கினும் செம்மல்வைஸும் அதை வைத்திருந்தார்கள்.

இவங்க மேல ஒரு தப்பும் இல்லையா? எப்பவும் ஊர்தான் கெட்டதா?

இருந்தது. செம்மல்வைஸ் கண்டுபிடித்ததை முழுப் புத்தகமாக எழுதியது 1861-இல், 14 வருஷம் கழித்து. நடுவில் எழுதச் சொன்ன நண்பர்களை அலைக்கழித்தார். எழுதிய பிறகு, ஒப்புக்கொள்ளாத பேராசிரியர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதத்தில் திட்டினார். திட்டு நியாயமாகவே இருக்கலாம், ஆனால் நடுநிலையில் நின்றவர்களும் விலகிப்போனார்கள்.

மக்கள் பயந்ததற்கும் சில நேரம் காரணம் உண்டு. 1897-இல் பிளேக் சோதனை என்ற பெயரில் சிப்பாய்கள் வீட்டுக்குள் புகுந்து பெண்களைப் பரிசோதித்தார்கள், சாமான்களை எரித்தார்கள். அந்தக் கோபத்தில் புனேயில் ராண்ட் என்ற அதிகாரியைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அதே சர்க்கார் ஊசியை நீட்டும்போது ஜனங்கள் கையை மறைத்துக்கொண்டால், முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது.

பையனுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட். இவங்கள்ல யாரை எடுத்தா சுலபம்? போய்ப் பார்க்க இடம் இருக்கா?

ஹாஃப்கினை எடுங்கள். ஒரே காலையில் முடித்துவிடலாம். சென்ட்ரல் லைனில் பைகுல்லாவில் இறங்கி, ஜெ.ஜெ. ஆஸ்பத்திரி வளாகத்தில் கிராண்ட் மெடிக்கல் காலேஜ், அப்புறம் ஜெயில் சுவர். திரும்ப லோக்கல் பிடித்துப் பரேல், அங்கே இன்ஸ்டிட்யூட் வாசல், பக்கத்திலேயே கே.இ.எம். நேரம் இருந்தால் தோபி தலாவில் மெட்ரோ சினிமாவுக்கு எதிரே டாக்டர் வியேகாஸ் சிலையையும் பார்க்கலாம். ஜெயில் பக்கம் போட்டோ எடுக்க வேண்டாம், காவலர் கூப்பிட்டு விசாரிப்பார்.

சார்ட்டில் முல்கோவால் 19 பேரை விட்டுவிடாதீர்கள். பல பிள்ளைகள் அதை விட்டுவிட்டு 'பிளேக்கை ஒழித்த மாமேதை' என்று மட்டும் எழுதி வருகிறார்கள். அந்தப் புட்டி, இடுக்கி, நாற்றம் இல்லாதது, ஐந்து வருஷம், இவ்வளவையும் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். சீக்கிரம் கிளம்புங்கள், பதினோரு மணிக்கு மேல் பரேல் பாலத்தில் வெயில் தாங்காது.